ஸ்டீயரிங் பாக்ஸை மாற்றச் சொல்கிறார்களா? முதலில் பின் ஆக்சிலைப் பார்க்கச் சொல்லுங்கள்

களக்காடு, ஏர்வாடி, வள்ளியூர் பக்கம் சொந்தமாகப் பிக்கப் வைத்து வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றிப் பிழைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டி நேராக ஓடாமல் அலைகிறது என்று போய் நின்றால், அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் "ஸ்டீயரிங் பாக்ஸ் போய்விட்டது" என்று சொல்லிப் பணத்தைக் கறக்கிற பட்டறைகள் இருக்கின்றன. (ஸ்டீயரிங்கைச் சுற்றுவதைச் சக்கரத்தைத் திருப்பும் அசைவாக மாற்றுகிற பல்சக்கரப் பெட்டிதான் ஸ்டீயரிங் பாக்ஸ்.) பாளையங்கோட்டைக்கு வெளியே அப்படி ஓரிடத்தில் எனக்கு 27,000 ரூபாய் போனது. பணத்தைக்கூட விடுங்கள். உண்மையான கோளாறை அப்படியே விட்டு, அதன்மேல் இன்னொரு கோளாறையும் சேர்த்து, "இனி தாராளமாக லோடு ஏற்றலாம்" என்று சாவியைக் கையில் கொடுத்தார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் ஒடிந்தது பின்பக்க இடது ஸ்பிரிங்கில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளில் ஒன்று. அதே பட்டறையில்தான் ஸ்பிரிங்கைக் கழற்றிப் புதுப் பட்டை போட்டார்கள். சில வாரங்களில் வண்டியின் போக்கு மாறியது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இடப்பக்கம் ஒதுங்கும்; காலை எடுத்தால் வலப்பக்கம் வெட்டும். பணகுடி தாண்டி நான்குவழிச் சாலையில், வலப்புறம் ஒரு பஸ் முந்திக்கொண்டு போகும்போது நாம் என்ன செய்வோம்? அதற்கு வழிவிட ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்போம். அந்த நொடியில்தான் என் வண்டி பஸ்ஸின் பக்கம் போனது. பின்னால் ஆளுயரத்துக்குத் தார் அடுக்கியிருக்கும்போது அதை இழுத்துப் பிடிப்பது எப்படிப்பட்டது என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

பட்டறை உரிமையாளரிடம் இதை அப்படியே சொன்னேன். "அண்ணாச்சி, ஆடி மாதத்தில் காவல்கிணற்றுக் காற்றுக்கு எந்த வண்டிதான் ஆடாது?" என்றார். இந்தப் பேச்சுக்கு நம் ஊரில் யாரும் எளிதில் தலையாட்டிவிடுவார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குப் பருவக்காற்று எப்படிப்பட்டது என்பதற்கு முப்பந்தலில் நிற்கிற காற்றாலைகளே சாட்சி. தார்ப்பாய் கட்டிய பிக்கப்பை அது தள்ளத்தான் செய்யும். ஆனால் காற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. வள்ளியூரிலிருந்து காவல்கிணறு நோக்கிப் போகும்போது அது வலப்புறமிருந்து அடிக்கும், வண்டியை இடப்பக்கம் தள்ளும். திரும்பி வரும்போது இடப்புறமிருந்து அடிக்கும், வலப்பக்கம் தள்ளும். போகும்போதும் வரும்போதும் ஒரே மாதிரி, அதுவும் காலை மிதிப்பதற்கும் எடுப்பதற்கும் ஏற்றபடி வண்டி ஒதுங்கினால் அது காற்றின் வேலையல்ல. காற்று இல்லாத விடியற்காலையில் நாங்குநேரிப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். அங்கேயும் அதே ஆட்டம்தான்.

மறுபடி போனபோது காற்றை விட்டுவிட்டு ஸ்டீயரிங் பாக்ஸைப் பிடித்துக்கொண்டார்கள். பாக்ஸ் தேய்ந்துவிட்டது, முன்சக்கரங்களை இணைக்கிற டை ராட் கம்பியின் முனை மூட்டுகளும் போய்விட்டன, எல்லாம் மாற்றி அலைன்மெண்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்த்தால் சரியாகிவிடும் என்றார்கள். ஆட்டம் எந்த மூட்டில் இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டேன். வண்டியை ஜாக்கியில் தூக்கி முன்சக்கரத்தை ஒருமுறை அசைத்துவிட்டு, "பாருங்கள்" என்றார்கள். அந்த அசைவு எங்கே பிறக்கிறது என்பதைக் காட்டவே இல்லை. மாலையில் வண்டி கைக்கு வந்தது. துண்டுச் சீட்டில் எழுதிய பில்லில் "ஸ்டீயரிங் பாக்ஸ், புதியது" என்று இருந்தது. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டால், பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது என்றார்கள். அதற்குள்ளா?

அன்று திரும்பும் வழியிலேயே வண்டி முன்னைவிட மோசம். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வரவில்லை. நாமே இழுத்துக் கொண்டுவர வேண்டும். இழுத்தால் நடுவைத் தாண்டிப் போகும். மறுபடி இந்தப் பக்கம் இழுக்க வேண்டும். பழைய அலைச்சல் போதாதென்று இது வேறு.

வள்ளியூரில் ஸ்பிரிங் வேலை செய்கிற ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். அவர் ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. "தம்பி, அந்த ஈர மண்ணில் நேராக ஒரு ஐம்பது அடி ஓட்டிவிட்டு இறங்கி வா" என்றார். இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரத் தடத்தின் மேல் பின்சக்கரத் தடம் விழவில்லை. இரண்டும் தனித்தனிக் கோடாக ஓடின. வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்து நடந்திருக்கிறது. பிறகு முன்சக்கரங்களை நேராக வைத்து, முன்சக்கரக் குடத்தின் (ஹப்) நடுவிலிருந்து பின்சக்கரக் குடத்தின் நடுவரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்தார். இடப்பக்கம் இரண்டு விரற்கடை குறைந்தது.

அடியில் படுத்து டார்ச் அடித்துக் காட்டினார். பின்சக்கரங்களைத் தாங்குகிற ஆக்சில் மேல் ஸ்பிரிங் உட்காரும் இடத்தில், துருவுக்கு நடுவே, உரசி உரசி வெள்ளியாகப் பளபளத்த ஒரு கோடு. ஆக்சில் முன்னும் பின்னும் நகர்ந்த தடம் அது. யூ-போல்ட் நட்டில் ஸ்பேனரை வைத்துத் தள்ளியபோது அது முறுக்கமே இல்லாமல் சுற்றியது. பிரித்துப் பார்த்தால் சென்டர் போல்ட் இரண்டு துண்டு.

எத்தனையோ பேர் இது தெரியாமல் முன்பக்கத்துக்கே செலவழிக்கிறார்கள் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். பட்டைகளைச் சேர்த்துப் பிடிப்பது சென்டர் போல்ட். அதன் தலை ஆக்சில் இருக்கையில் உள்ள குழியில் உட்கார்ந்து, ஆக்சில் இருக்க வேண்டிய இடத்தைக் குறிக்கிறது. ஆக்சிலை ஸ்பிரிங்கோடு இறுக்கிப் பிடிப்பதோ யூ-போல்ட்கள். அவை தளர்ந்தால், சக்கரம் தள்ளுகிற விசையும் பிரேக்கின் விசையும் அந்த மெல்லிய சென்டர் போல்ட்டின் மேல் விழும்; ஒரு நாள் அது ஒடியும். அதன்பிறகு மிதிக்கும்போது ஆக்சிலின் அந்த முனை முன்னே போகும், காலை எடுக்கும்போது பின்னே வரும். அதாவது பின்சக்கரங்களே ஸ்டீயரிங் வேலை செய்கின்றன. முன்னால் எந்தப் பாக்ஸை மாற்றினாலும் இது நிற்காது.

ஒருமுறை இறுக்கிய யூ-போல்ட் இழுபட்டிருக்கும். ஸ்பிரிங்கைக் கழற்றினால் புது யூ-போல்ட், புது நட்டுதான் போட வேண்டும். லோடோடு கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மறுபடி அழைத்து, குறித்த அளவுக்கு இறுக்க உதவுகிற டார்க் ரென்ச் வைத்து இறுக்க வேண்டும். எனக்குப் பட்டை போட்டவர்கள் துருப்பிடித்த பழைய யூ-போல்ட்டையே மாட்டியிருந்தார்கள். மறுபடி இறுக்க வரச் சொல்லவும் இல்லை. கோளாறு பிறந்தது அவர்கள் கையில். அதற்கு மருந்தென்று வேறொரு பாகத்தை விற்றதும் அவர்களே.

பெரியவர் டீசல் துணியால் அந்தப் "புதிய" பாக்ஸைத் துடைத்தார். கறுப்புப் பெயிண்ட் பிசினாக வந்தது. அடியில் பழைய கிரீஸ். போல்ட் மாட்டும் காதுகளில் முன்பே ஏறி இறங்கிய தழும்புகள். என் பழைய பாக்ஸுக்கே சாயம் பூசினார்களா, வேறொரு வண்டியினுடையதா என்பதை நிரூபிக்க என்னிடம் வழியில்லை. புதியது அல்ல என்பதைக் கண்ணால் பார்த்தேன். மேலே இருக்கும் சரிசெய்யும் திருகை ஆட்டம் தெரியாதபடி ஒரேயடியாக முறுக்கியிருந்தார்கள். பாக்ஸின் பற்கள் அதிகம் தேய்வது வண்டி நேராகப் போகிற நடு இடத்தில்தான். அங்குள்ள ஆட்டத்தை மறைக்கத் திருகை முறுக்கினால், தேயாத ஓரங்களில் பற்கள் பிடித்துக்கொள்ளும். வளைவில் ஸ்டீயரிங் திரும்பி வராததற்குக் காரணம் அதுதான். இது மிகவும் ஆபத்தான வேலை.

இரண்டு பக்கமும் புது சென்டர் போல்ட், புது யூ-போல்ட், திருகைத் தளர்த்தி முறைப்படி வைத்தது, எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. வண்டி இப்போது நேராக ஓடுகிறது.

முன்பக்கமே காரணமாக இருப்பதும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. அப்போதும் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சக்கரங்கள் தரையில் இருக்க, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதளவு ஆட்ட வேண்டும். வண்டி நகராதபடி கட்டை வைத்துவிட்டு, நீங்கள் கீழே பாருங்கள். பாக்ஸிலிருந்து சக்கரம்வரை அசைவைக் கொண்டுபோகிற டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராட் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால், ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாத மூட்டு எதுவோ அதுதான் தேய்ந்தது. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங்கிலும், சக்கரம் திரும்புகிற அச்சான கிங் பின்னிலும் உள்ள தேய்மானம் தெரியும். டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள்; ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் கூர்மையாகவும் இருந்தால் டோ, அதாவது முன்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கிற அளவு, சரியில்லை. காற்றழுத்தம் பார்க்காமல் இதில் எதையும் தொடக்கூடாது. மூட்டில் ஆட்டம் இருக்கும்போது அலைன்மெண்ட் செய்வது வீண் செலவு. செய்தாலும், முன்பிருந்த அளவும் பின்வந்த அளவும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். எனக்குக் கொடுத்த தாளில் முன்பிருந்த அளவு இருக்க வேண்டிய கட்டம் காலி.

வேலைக்கு விடும்போதே பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஸ்டீயரிங் பாக்ஸின் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. எண் இல்லாத சீட்டை வாங்கவே வாங்காதீர்கள்.

நம் வண்டி வியாபார வண்டிதானே, நுகர்வோர் நீதிமன்றம் நமக்கில்லை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது சரியல்ல. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வைத்திருப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். ஒடிந்த சென்டர் போல்ட், பழைய யூ-போல்ட், பில், பெரியவர் எடுத்த அளவு, படங்கள் எல்லாவற்றையும் வைத்துத் திருநெல்வேலி ஆணையத்துக்கு மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். பட்டறையிலிருந்து பாதிப் பணம் தருகிறோம், பேசி முடித்துக்கொள்ளலாம் என்று ஆள் வந்தது. புது பாக்ஸ் என்று பில்லில் எழுதியது எப்படி என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. எனவே மறுத்துவிட்டேன்.

ஸ்பிரிங் வேலை முடிந்து சில வாரங்களில் உங்கள் வண்டியும் இப்படி அலையத் தொடங்கியிருந்தால், அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன் பின்பக்கத்து யூ-போல்ட் நட்டுகளில் ஸ்பேனரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.