ஒரு கட்டுரை அச்சேற 14 மாதம்

முப்பத்தோரு வருடம் அரசு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு, பெரம்பூரில் எங்கள் தெருவைச் சுற்றி வீட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் ரத்தசோகை பற்றிப் பேசிப் பேசி ஒரு நோட்டு நிரப்பினேன். அதைக் கட்டுரையாக்கி, மயிலாப்பூரிலிருந்து வரும் பெண்கள் உடல்நலக் காலாண்டிதழ் ஒன்றுக்கு 2023 ஜனவரியில் அனுப்பினேன். அச்சில் வந்தது 2024 மார்ச்சில். குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் இதழின் பெயர் வேண்டாம்.

முதலில் பணம். வாங்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். இரண்டு பிரதி வீட்டுக்கு வரும், அவ்வளவுதான். நான் காத்திருந்த நாட்களில் வேறொரு இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது: ஆறாயிரம் ரூபாய் கட்டினால் நான்கே நாளில் வெளியிடுவார்களாம். நான்கு நாளில் அதை யார் உட்கார்ந்து படித்திருக்கப் போகிறார்கள்?

இங்கே படிக்கிறார்கள். அதுதான் விஷயம். ஐந்து மாதம் கழித்து, பெயர் தெரியாத இரண்டு மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள் வந்தன. ஒருவர் டாக்டர் என்பது எழுத்திலேயே தெரிந்தது. முத்துலட்சுமி ரெட்டி 1912இல் டாக்டர் பட்டம் பெற்றது, 1930இல் அவ்வை இல்லம், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று நான் ஆசை ஆசையாக எழுதிய முதல் பக்கத்தை அவர் முழுசாக அடித்துவிட்டு, 'இதற்கும் ரத்தசோகைக்கும் என்ன தொடர்பு?' என்று ஓரத்தில் கேட்டிருந்தார். இரண்டு நாள் கோபம் இருந்தது. அப்புறம் பார்த்தால், தொடர்பு ஒன்றும் இல்லைதான்.

அடுத்த அடி இன்னும் பலம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதன் பக்கத்தில் என் கணக்கையும் வைத்திருந்தேன். 'அவர்கள் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நீங்கள் வாயால் கேட்டதை அதன் பக்கத்தில் எப்படி வைக்கலாம்?' என்று கேள்வி. காலமெல்லாம் ஊசி பிடித்த எனக்கே இது உறைக்கவில்லை பாருங்கள்.

இன்னொரு மதிப்பீட்டாளர் சொல்லைப் பிடித்துக்கொண்டார். 'உங்களுக்கு ரத்தசோகை இருக்கிறதா?' என்பது என் கேள்வி. முக்கால்வாசிப் பேர் இல்லை என்றார்கள். 'அது லேபின் சொல். அவர்களுடைய சொல் எது?' என்று எழுதியிருந்தார். நோட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனேன். இந்த முறை எதையும் கேட்காமல் பேசவிட்டேன். “உடம்புல ரத்தமே இல்ல சிஸ்டர்”, “மாடி ஏறினா கண்ணு இருட்டிக்கினு வருது” என்று கொட்டினார்கள். ஒரு பெண் சமைக்கும்போதே பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்லுவாளாம். அதைப் பழக்கதோஷம் என்று நினைத்திருந்தாள். இரும்புச் சத்துக் குறைந்தால் அப்படி ஒரு ஆசை வரும்.

கர்ப்ப காலத்தில் 180 நாள் சாப்பிடச் சொல்லிக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையைப் பற்றியும் அப்போதுதான் வாய் திறந்தார்கள். அதில் இரும்பு 60 மில்லிகிராம். சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் அதை யாரும் சொல்லாததால், “உள்ள ஏதோ அழுகுதுன்னு பயந்து தூக்கிப் போட்டுட்டேன்” என்றார் ஒருவர். ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் சிலர் டீயோடு விழுங்கியிருக்கிறார்கள். டீயில் இருக்கும் டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது. கட்டுரையில் உருப்படியான பகுதி என்றால் இந்த இரண்டு பக்கம்தான். அந்தக் குறிப்பு வராவிட்டால் இது கிடைத்திருக்காது.

பெரிய தகராறு ஒப்புதலில் வந்தது. நான் எல்லோரிடமும் வாயால் கேட்டுத்தான் எழுதினேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, ஆய்வு தொடங்கும் முன்பே, அதில் பங்கெடுப்பவர்களுக்குப் பாதிப்பு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் சாட்சி வைத்துக் கைநாட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்த பிறகு போய் அனுமதி கேட்க முடியாது. அதனால் 'ஆய்வுக் கட்டுரை' பகுதியில் போட மாட்டோம், 'கள அனுபவம்' பகுதியில் போடுகிறோம் என்றார்கள். ஆசிரியர் போனில், “அம்மா, இட்லிக் கடை, ரெண்டு பொண்ணு, கர்ப்பப்பை எடுத்தாச்சுன்னு எழுதியிருக்கீங்க. உங்க தெருவுல இது யாருன்னு தெரியாதா?” என்று கேட்டார். தெரியும். கடையை எடுத்தோம், பெண்களையும் எடுத்தோம்.

இனி குறை. எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டால் பதில் வராது. 29சி பஸ் பிடித்து லஸ்ஸில் இறங்கி நேரில் போய் நின்றால்தான் வரும். நான் யூனிகோடில் அனுப்பியதை அவர்கள் ஏதோ பழைய எழுத்துருவுக்கு மாற்றியதில் கொம்பும் காலும் இடம் மாறின. அச்சுக்கு முன் திருத்த வந்த மெய்ப்பில் அதையெல்லாம் சரிசெய்து கொடுத்தேன். அப்படியும் கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 'டெசிலிட்டருக்கு 11 கிராம்' இருக்க வேண்டும் என்பது 'லிட்டருக்கு 11 கிராம்' என்று அச்சாகிவிட்டது. டெசிலிட்டர் என்பது 100 மில்லி, ஆக அளவு பத்தில் ஒரு பங்காகிவிட்டது. அந்த அளவில் ரத்தம் இருந்தால் ஆளை ஐசியூவில்தான் பார்க்க வேண்டும். திருத்தம் போட்டார்கள், அடுத்த இதழில், கடைசிப் பக்கத்தில், சந்தா விவரத்துக்குக் கீழே.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அனுப்புவதாக இருந்தால், முதல் ஆளிடம் பேசும் முன்பே ஒரு கல்லூரியையோ தொண்டு நிறுவனத்தையோ பிடித்து நெறிமுறைக் குழு அனுமதியை வாங்கிவிடுங்கள். பிடிஎஃப் ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள். அளவுகளை மெய்ப்பில் இரண்டு தடவை பாருங்கள்.

இட்லிக் கடை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். “நான் இதுல எங்க சிஸ்டர் இருக்கேன்?” என்றார். மூன்றாம் பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எனக்கு வந்த இரண்டு பிரதியில் ஒன்றை வாங்கிக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.