கால்மியாவுடன் ஒன்பது ஆண்டுகள்

நட்டபோது என் முழங்கால் உயரம்கூட இல்லாத செடி, ஒன்பது ஆண்டுகளில் தோள்வரைதான் வந்திருக்கிறது. வேலியை விரைவில் மறைக்க நினைப்பவர்களுக்குக் கால்மியா ஏற்றதல்ல.

நான் வளர்ப்பது கால்மியா லாட்டிஃபோலியா. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் தானாக வளரும் பசுமைமாறாப் புதர், ரோடோடென்ட்ரான் என்னும் பூம்புதரின் உறவு. 1748 முதல் அங்கே தாவரங்களைத் திரட்டிய தம் மாணவர் பேர் கால்ம் என்பவரின் பெயரையே, நெருங்கிய சில இனங்கள் சேர்ந்த இந்தச் சிறு பேரினத்துக்குச் சூட்டினார் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ்.

முதலில் சிமெண்ட் சுவரை ஒட்டி நட்டேன். இரண்டாம் ஆண்டில் நரம்புகள் பச்சையாக இருக்க, இலையின் மற்ற பகுதி மஞ்சளித்தது. சத்துக் குறைவு என்று எண்ணி உரத்தைக் கூட்டினேன்; இலை நுனிகள் கருகின. மண்ணைச் சோதித்த பிறகுதான் காரணம் புரிந்தது. சுவரின் சுண்ணாம்பு கரைந்து, மண்ணின் பிஎச் அளவு (இது குறையக் குறைய மண்ணில் அமிலத்தன்மை கூடும்) 7-ஐத் தாண்டியிருந்தது. இதற்கு வேண்டியது 4.5 முதல் 5.5 வரை. அதற்கு மேலே போனால் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது.

பெயர்த்து வேறிடத்தில் நட்டேன். வேர்கள் மயிரிழை போல மெல்லியவை, மேல்மண்ணிலேயே படர்பவை. அதனால் அன்று முதல் அடியில் களைக்கொத்து படவிடவில்லை. பைன் பட்டைத் தூளை மூடாக்காகப் பரப்பி மழைநீர் ஊற்றுகிறேன். வேறெதுவும் செய்வதில்லை.

ஐந்தாம் ஆண்டில் பூத்தது. அந்தப் பூவைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது! மொட்டு, மடிப்பு மடிப்பாகப் பிழிந்து வைத்த சர்க்கரைப் பூ போலிருக்கும். விரிந்தால் சிறு கிண்ணம். அதன் சுவரில் பத்துக் குழிகள். பத்து மகரந்தத் தாள்களும் வில்லாக வளைந்து, குழிக்கு ஒன்றாக நுனியைச் செருகியிருக்கும். வண்டு வந்து அமர்ந்ததும் தாள் விடுபட்டு நிமிரும். மகரந்தம் அதன் உடல்மேல் தெறிக்கும். துரும்பால் தொட்டும் பார்க்கலாம். நான் பல காலைகளை இதிலேயே கழித்திருக்கிறேன்.

வாடிய பூங்கொத்துகளைக் கிள்ளிவிடுங்கள். விதை கட்ட விட்டால் மறு ஆண்டு பூ குறைகிறது. ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: இலை, பூ, தேன் எல்லாவற்றிலும் கிரயானோடாக்சின் என்னும் நஞ்சு உண்டு. ஆடு மேயும் இடத்திலும், கைக்குக் கிடைத்ததை வாயில் வைக்கும் குழந்தை இருக்கும் வீட்டிலும் இதை நடவே கூடாது.

சுண்ணாம்பு மண் உள்ளவர்கள் அதோடு போராட வேண்டாம். எல்ஃப் என்ற குட்டை வகையை அமில மண் நிரப்பிய தொட்டியில் வையுங்கள்.