வைரம் டெஸ்ட் பண்ற பேனா கிட்: நாலு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

ஒரு ஜிப் பெட்டி. உள்ள வைரத்தை டெஸ்ட் பண்ற பேனா, பத்து மடங்கு பெருசாக்கி காட்டற லூப், குட்டி யூவி டார்ச், 0.01 கிராம் வரைக்கும் காட்டற பாக்கெட் தராசு. ஆன்லைன்ல வாங்கினேன், பிராண்ட் பேரு சொல்லி பிரயோஜனம் இல்ல, இதே பேனா வேற வேற பேர்ல வேற வேற கலர் அட்டைல கிடைக்குது, உள்ள இருக்கற சமாச்சாரம் ஒண்ணு தான்.

ஏன் வாங்கினேன்னு சொல்லிடறேன், இல்லன்னா ரிவ்யூ புரியாது. ஒரு தடவை மாணிக்கம்னு ஒரு மோதிரம் வாங்கினேன், நல்ல பெரிய கல்லு, செக்கச்செவேல்னு இருக்கும், அந்த சைஸுக்கு அந்த விலை ரொம்ப சீப்பா இருக்கேன்னு அப்பவே தோணிருக்கணும், தோணல. கொஞ்ச நாள் கழிச்சு வீட்டுல நகை கழுவற லிக்விட்ல போட்டு எடுத்தா கல்லு மேல வெள்ளை வெள்ளையா சிலந்தி வலை மாதிரி கோடு. டெஸ்டிங் லேப்ல குடுத்தேன், ஈயக் கண்ணாடி நிரப்பின மாணிக்கம்னு எழுதி குடுத்தாங்க. அதாவது விரிசல் நிறைஞ்ச மட்டமான கல்லுல ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி ஊத்தி விரிசலை மறைச்சுடறாங்க, அந்த கண்ணாடிக்கு எலுமிச்சம் சாறு பட்டாலே போதும், அரிச்சிடும். திரும்ப கடைக்கு போய் கேட்டா "மாணிக்கம் தானே சார், நாங்க பொய் சொல்லலையே"ன்னாங்க. கோவம் வந்தாலும் அவங்க சொன்னது ஒரு விதத்துல நிஜம். மாணிக்கம் தான், கூடவே கண்ணாடியும் இருக்கு, அவ்ளோ தான்.

அன்னிக்கு தான் புரிஞ்சது, "ஒரிஜினலா டூப்ளிகேட்டா"ங்கற கேள்வியே அரைகுறை. மண்ணுல இருந்து வந்து கையே வைக்காத கல்லு, மண்ணுல இருந்து வந்து சூடு பண்ணினது இல்ல எண்ணெய் ஏத்தினது இல்ல கண்ணாடி நிரப்பினது, லேப்ல வளர்த்தது, அப்புறம் பார்க்க அதே மாதிரி இருக்கற வேற பொருள், இப்படி குறைஞ்சது நாலு பதில் இருக்கு, நாலுக்கும் விலை வேற வேற. இந்த கிட் இதுல எந்த கேள்விக்கு பதில் சொல்லுது, எதுக்கு முழிக்குதுன்னு தான் இந்த நாலு மாசமா பார்த்தேன்.

முதல்ல பேனா. நுனில ஒரு செம்பு ஊசி இருக்கு, அது லேசா சூடாகும், கல்லு மேல வச்சா கல்லு எவ்ளோ வேகமா அந்த சூட்டை உறிஞ்சுதுன்னு அளக்குது. வைரம் செம்பு வெள்ளியை எல்லாம் விட பல மடங்கு வேகமா சூட்டை கடத்தும், அதனால லைட் எகிறி பீப் பீப்னு கத்தும். கண்ணாடி, க்யூபிக் ஜிர்கோனியா மேல எல்லாம் வச்சா லைட் அசையாது. அமெரிக்கன் டைமண்ட்னு விக்கறாங்களே, அது இந்த ஜிர்கோனியா தான், அதுல டைமண்டும் இல்ல அமெரிக்காவும் இல்ல. இந்த ஒரு வேலைக்கு பேனா நிஜமாவே சூப்பர், வீட்டுல இருந்த ஒரு பழைய கம்மல்ல ஏழு கல்லுல ஒரு கல்லு மட்டும் கத்தல, எப்பவோ விழுந்து யாரோ மாத்தி வச்சிருக்காங்க, வெறும் கண்ணுல பார்த்தா யாராலயும் சொல்ல முடியாது.

ஆனா வைரம் மாதிரியே இருக்கற மாய்சனைட்ங்கற கல்லு வந்தா பேனா அவுட். அது சிலிகான் கார்பைட், 1893ல ஹென்றி மொய்சான்னு பிரெஞ்சு விஞ்ஞானி ஒரு விண்கல் துண்டுல கண்டுபிடிச்சது, இப்ப நகைக்கு வர்றது எல்லாம் லேப்ல செஞ்சது. அதுவும் சூட்டை நல்லா கடத்தும், அதனால பேனா அதையும் வைரம்னு கத்தும். பெட்டி மேல "நூறு சதவீதம் துல்லியம்"னு போட்டிருக்கான், எவ்ளோ தைரியம் பாருங்க. கரன்ட் கடத்துதான்னும் சேர்த்து பாக்கற மாடல் தனியா இருக்கு, விலை கூட, மாய்சனைட்ல நிறையவே அதுல மாட்டும், ஆனா அதுவும் முழு கேரண்டி இல்ல, நீல வைரத்துல ஒரு வகை கரன்ட் கடத்தும், அதை மாய்சனைட்னு சொல்லிடும்.

லேப்ல வளர்த்த வைரத்தை பிரிச்சு சொல்ல ரெண்டு மாடலாலயும் முடியாது, முடியும்னு எவனாவது எழுதியிருந்தா நம்பாதீங்க. ரெண்டுமே கார்பன் தான், ரெண்டுமே வைரம் தான், சூட்டை கடத்தறதும் ஒரே மாதிரி தான். அதுக்கு பெரிய டெஸ்டிங் லேப்ல ஸ்பெக்ட்ராஸ்கோப் அது இதுன்னு வச்சு பார்க்கணும். ஆனா மார்க்கெட்ல ரெண்டுக்கும் நடுவுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், லேப் வைரம் விலை வருஷா வருஷம் இறங்கிட்டே வந்திருக்கு, திருப்பி விக்க போனா கிடைக்கறது ரொம்ப கம்மி. லேப் வைரம் வாங்கறது தப்புன்னு சொல்லல, லேப் வைரம்னு தெரிஞ்சு லேப் வைரம் விலைல வாங்கினா தாராளமா வாங்கலாம்.

யூஸ் பண்றப்ப வர்ற தொல்லை தனி. ஊசி நேரா செங்குத்தா படணும், கல்லுல எண்ணெய் பிசுக்கு இருந்தா தப்பா காட்டும், ஃபேன் காத்துல வச்சு பார்த்தா தப்பா காட்டும், பேட்டரி வீக்கானாலும் நல்ல வைரத்தையே இல்லன்னு சொல்லும். பொடிக் கல்லுன்னா சட்டுனு சூடாகிடும், அடுத்தடுத்து தொட்டா ரீடிங் சொதப்பும், நடுவுல ஆற விடணும். ஊசி பக்கத்துல இருக்கற தங்கத்து மேல பட்டா அது வேற பீப், முதல் நாள் அதை வைரம்னு நெனச்சு குஷியாகிட்டேன். முக்கியமா, மாணிக்கம் மரகதம் நீலம் எதுக்கும் இந்த பேனா ஆகாது, அதாவது நான் எதுக்கு ஏமாந்தேனோ அதுக்கு இது உதவவே இல்ல, வாங்கறதுக்கு முன்னாடி இதை படிச்சிருக்கலாம்.

அதுக்கு உதவினது லூப். மொத்த பெட்டில மலிவான ஐட்டம் அது தான், எனக்கு காசு அதுல தான் வசூல் ஆச்சு. கண்ணை ஒட்டி லூப்பை வச்சுக்கோங்க, ரெண்டு கண்ணையும் தொறந்து வைங்க, கல்லை ரெண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்கு கொண்டு வாங்க, லைட் சைடுல இருந்து விழட்டும். ஒரு வாரம் எதுவும் புரியாது, அப்புறம் ஒரு நாள் திடீர்னு தெரியும். மாய்சனைட்டை கொஞ்சம் சாய்ச்சு பக்கவாட்டு பட்டை வழியா பார்த்தா அடில இருக்கற பட்டைக் கோடெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியும், ஏன்னா அது வெளிச்சத்தை ரெண்டா பிரிக்கற கல்லு, வைரம் அப்படி பிரிக்காது. நேரா மேல இருந்து பார்த்தா தெரியாது, அங்க தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. பேனா ஏமாந்த இடத்துல லூப் கண்டுபிடிச்சது இப்படி தான், தெரிஞ்சவங்க மோதிரம் ஒண்ணுல.

மாணிக்கத்துல பார்க்க வேண்டியது வேற. கண்ணாடி நிரப்பினதுல உள்ள தட்டையான குமிழி தெரியும், கல்லை ஆட்டினா விரிசல்ல நீலமா ஒரு பளிச் அடிக்கும். என் மோதிரத்துல ரெண்டும் இருந்தது, அதுவும் ஜம்முனு இருந்தது, வாங்கறதுக்கு முன்னாடி லூப் கைல இருந்திருந்தா ரெண்டு நிமிஷ வேலை. லேப்ல செஞ்ச மாணிக்கம் இன்னொரு ரகம், 1902லயே வெர்னுய்ங்கற பிரெஞ்சு விஞ்ஞானி தூளை நெருப்புல உருக்கி மாணிக்கம் வளர்க்கற முறையை வெளியிட்டுட்டாரு, அதனால "பாட்டி காலத்து கல்லு, அப்பல்லாம் ஏது டூப்ளிகேட்"னு சொல்றதுல அர்த்தமே இல்ல. அந்த கல்லுல வளர்ந்த கோடு வளைவா இருக்கும், கிராமபோன் தட்டு மாதிரி. மண்ணுல விளைஞ்சதுல கோடு நேரா இல்ல கோணமா போகும், சில கல்லுல பட்டு நூல் மாதிரி மெல்லிசா ஊசி ஊசியா தெரியும். மரகதத்துல உள்ள செடி கொடி மாதிரி இருந்தா பயப்படாதீங்க, சுத்தமா எதுவுமே இல்லாம பெருசா பச்சையா மலிவா கிடைச்சா தான் பயப்படணும். மரகதத்துக்கு எண்ணெய் ஏத்தறது தொழில்ல சகஜம், எவ்ளோ ஏத்தியிருக்குன்னு தான் கேட்கணும், அதிர்வுல நகை கழுவற அல்ட்ராசோனிக் மெஷின்ல மட்டும் போட்டுடாதீங்க.

லூப் வாங்கறப்ப 30 மடங்கு 60 மடங்குன்னு போட்டத பார்த்து மயங்க வேணாம், நிறைய தடவை அது புருடா, மூணு லென்ஸ் சேர்த்து செஞ்ச நல்ல 10 மடங்கு ட்ரிப்லெட் போதும்.

யூவி டார்ச் சும்மா. வைரத்துல ஒரு பங்கு நீலமா ஒளிரும், மீதில பெரும்பாலும் ஒளிராது, ரெண்டுமே வைரம் தான், அப்ப இதை வச்சு என்ன முடிவுக்கு வர்றது?

தராசு பத்தி கொஞ்சம் சொல்லணும். தமிழ்ல மூணு கேரட் இருக்கு, கல்லு எடை ஒண்ணு, தங்கத்து மாத்து ஒண்ணு, சாம்பார்ல போடறது ஒண்ணு, இதுல முதல் ரெண்டையும் குழப்பி பில் போடறவங்களையே பார்த்திருக்கேன். கல்லு கேரட்னா 0.2 கிராம். தங்க கேரட்னா 24ல எத்தனை பங்கு சுத்தம்ங்கறது, 22 கேரட் 91.6 சதவீதம், 18 கேரட் 75 சதவீதம். இந்த தராசு 0.01 கிராம் தான் காட்டும், அதாவது 0.05 கேரட், வைர எடைக்கு இது பத்தவே பத்தாது. ஏன் இவ்ளோ சொல்றேன்னா வைர விலை எடை கூட கூட நேர்கோடா ஏறாது, அரை கேரட், ஒரு கேரட்னு ரவுண்டு நம்பர்ல ஒரு கேரட்டுக்கான ரேட்டே எகிறும். 0.95 கேரட் கல்லும் 1.00 கேரட் கல்லும் விரல்ல போட்டா எனக்கு வித்தியாசம் தெரியல, பில்லுல நல்லாவே தெரியும். அப்ப 0.95 வாங்கறவன் புத்திசாலி, ஆனா 0.95ஐ "ஒரு கேரட்"னு சொல்லி விக்கறவன் அவனை விட புத்திசாலி, இவனை பிடிக்க இந்த தராசால முடியாது.

தனிக் கல்லா இருந்தா ஒரு விஷயத்துக்கு ஆகும், 6.5 மில்லிமீட்டர் வட்ட வைரம் ஏறக்குறைய ஒரு கேரட், அதாவது 0.20 கிராம், அதே சைஸ் ஜிர்கோனியா 0.33 பக்கம் வரும், அந்த வித்தியாசம் தராசுல தெரியும். மத்தபடி இது தங்கத்துக்கு தான். கல்லு இல்லாத, உள்ள குழாய் இல்லாத கெட்டி நகைன்னா ஒரு கப் தண்ணியை தராசுல வச்சு ஜீரோ பண்ணிட்டு நகையை நூல்ல கட்டி கப்போட அடியை தொடாம முக்குங்க, தராசு காட்டற கிராம் தான் நகையோட கன அளவு. நகை எடையை அதால வகுத்தா 22 கேரட்டுக்கு 17.7 பக்கம் வரணும், பித்தளை மேல முலாம்னா ஒன்பது கூட தாண்டாது. டங்ஸ்டன் மட்டும் சுத்த தங்கத்துக்கு கிட்டத்தட்ட அதே அடர்த்தி, அதனால பிஸ்கட் கட்டி எல்லாம் வாங்கறவங்க இதை மட்டும் நம்பாதீங்க. காந்தம் வச்சு பாக்கறதும் அப்படி தான், ஒட்டினா சந்தேகம், ஒட்டலன்னா ஒண்ணும் தெரியாது, செம்பும் பித்தளையும் கூட ஒட்டாதே. கொக்கி மட்டும் ஒட்டினா பதறாதீங்க, உள்ள ஸ்டீல் ஸ்ப்ரிங் இருக்கும்.

கல்லு வச்ச நகைக்கு ரேட் பார்க்கறப்ப நான் இப்ப கேட்கற முதல் கேள்வி, மொத்த எடை எவ்ளோ, கல்லு கழிச்ச எடை எவ்ளோ, ரெண்டையும் பில்லுல தனித்தனியா எழுதி குடுங்க. கல்லையும் அரக்கையும் தங்க ரேட்டுக்கு வித்தா அதை எந்த பேனாவும் காட்டி குடுக்காது. செய்கூலி, சேதாரம், கல்லு விலை, வரி எல்லாம் தனித்தனி வரில வரணும், "எல்லாம் சேர்த்து இவ்ளோ"ன்னா நான் எழுந்துடுவேன்.

சர்டிஃபிகேட் இருந்தா கிட் எதுக்குன்னு ஒருத்தர் கேட்டாரு. ஜிஐஏ மாதிரி லேப் ரிப்போர்ட் கல்லு என்ன, எடை என்ன, நிறம் என்ன, ட்ரீட்மெண்ட் இருக்கான்னு சொல்லும், விலை சொல்லாது. கடைக்காரரே அடிச்சு குடுக்கற மதிப்பு பேப்பர்ல விலை இருக்கும், அது கூட்டி போட்ட விலையா இருக்க நிறைய சான்ஸ் இருக்கு, அதை காட்டி "பாருங்க பாதி விலைக்கு தர்றோம்"னா சிரிச்சுட்டு வந்துடுங்க. நிறைய வைரத்துல இடுப்பு ஓரத்துல, அதாவது மேல் பாதியும் கீழ் பாதியும் சேர்ற விளிம்புல, ரிப்போர்ட் நம்பர் லேசர்ல பொறிச்சிருப்பாங்க, லூப்ல படிச்சு லேப் வெப்சைட்ல போட்டு எடை, அளவு ரெண்டும் பொருந்துதான்னு பாருங்க, நம்பர் மட்டும் சரியா இருந்தா பத்தாது, லேப் வைரத்துல வேற கல்லோட நம்பரை பொறிச்சு விட்ட கேஸெல்லாம் வெளில வந்திருக்கு.

பேனாவுக்கு மூணு ஸ்டார், லூப்புக்கு அஞ்சு, தராசுக்கு ரெண்டரை, டார்ச்சுக்கு ஸ்டார் குடுக்க மனசு வரல. தனித்தனியா வாங்க முடிஞ்சா லூப்பை மட்டும் வாங்குங்க, மிச்ச காசை பெரிய கல்லு வாங்கறப்ப லேப் டெஸ்டுக்கு வச்சுக்கோங்க. முழு கிட்டையும் வாங்கறதுன்னா யூஸ் பண்ணிட்டு பேட்டரியை கழட்டி வைங்க, என் பேனா உள்ள மூணாவது மாசமே ஒழுகி பச்சை பிடிச்சு, சுரண்டி துடைச்சு தான் திரும்ப ஓடுது.