பத்து ஆல்பம், நூறு மதிப்பெண், ஒரு நோட்டு: பதினோரு வருட அனுபவம்

நீல அட்டை போட்ட நீள நோட்டு அது. 2014 முதல் 2024 வரை, அந்தந்த வருடம் வந்ததில் பிடித்த பாட்டு ஆல்பங்களின் பதினோரு பட்டியல்கள் அதில் இருக்கின்றன. டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வேளச்சேரி வீட்டு மொட்டை மாடியில் நாலு பேர் கூடுவோம். நான், என் மாமா, மந்தைவெளியிலிருந்து வரும் கல்லூரித் தோழி, வியாசர்பாடியிலிருந்து வரும் அலுவலகத் தம்பி. ஆளுக்குப் பத்து ஆல்பம். எழுதியதைப் படித்தால் மட்டும் போதாது, ஸ்பீக்கரில் போட்டுக் காட்டி வாதாட வேண்டும். 2020இல் மட்டும் வீடியோ காலில் நடந்தது.

இந்தப் பழக்கம் எனக்கு என்ன செய்தது, எங்கே உதவவில்லை என்று எழுதி வைக்கத் தோன்றியது. சில பேர் கேட்டும் விட்டார்கள்.

தொடங்கும்போது விதி எதுவும் இல்லை. சண்டை வர வர விதி வந்தது. முதல் வருடமே ‘ஐ’ பட ஆல்பத்தில் முட்டிக்கொண்டோம். பாட்டு 2014 செப்டம்பரில் வந்துவிட்டது, படம் 2015 பொங்கலுக்குத்தான் வந்தது. எந்த வருடக் கணக்கில் வைப்பது? மாமா ஒரே வரியில் முடித்தார்: “பாட்டு எப்ப காதுல விழுந்துச்சோ அதாம்மா வருஷம்.” அது விதியானது.

இரண்டாவது விதிதான் இந்த நோட்டின் உயிர். பட்டியலில் வைக்கும் ஆல்பத்தைக் குறைந்தது இரண்டு முறை முழுசாகக் கேட்டிருக்க வேண்டும். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாற்றாமல், நடுவில் தாண்டாமல். கேட்க எளிதாகத்தான் இருக்கும், இப்போது தமிழ்ப் படப் பாடல்கள் வரும் முறையில் இது லேசான காரியம் இல்லை. முதல் சிங்கிள், இரண்டாவது சிங்கிள் என்று ஒவ்வொன்றாக விடுகிறார்கள். படம் வருவதற்குள் அந்த இரண்டு மூன்று பாட்டும் மனப்பாடம். முழு ஆல்பம் வெளியாகும் நாளில் மிச்சப் பாட்டுகளை யாரும் சீண்டுவதில்லை. என் ரசனையில் உண்டான மாற்றம் பெரும்பாலும் அந்த மிச்சப் பாட்டுகளால்தான் வந்தது. தேடிப் போகாமல் இருந்திருந்தால் அவை என்னிடம் வந்திருக்கவே வந்திருக்காது.

முழுசாகக் கேட்பதற்கு எனக்கு அமைந்த இடம் பறக்கும் ரயில். வேளச்சேரியில் ஏறினால் கடற்கரை போய்ச் சேர முக்கால் மணி நேரம், ஏறக்குறைய ஓர் ஆல்பம். பெருங்குடியில் முதல் பாட்டு முடியும். கோட்டூர்புரம் தாண்டி ஆற்றுக்கு மேல் போகும்போது நடுப்பாட்டு. கோட்டை நிலையத்தில் கடைசிப் பாட்டு. 2023 ஆகஸ்டில் நாலாவது தண்டவாள வேலைக்காக ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருட அக்டோபர் வரை அப்படித்தான் ஓடியது. அங்கே இறங்கி, படியிறங்கி, பஸ் பிடிக்கும் கூட்டத்தில் என் கடைசிப் பாட்டுகள் எல்லாம் பாதியில் நின்றன. அந்த வருடப் பட்டியலைப் போடும்போது இது தெரிந்தது. எந்த ஆல்பத்தின் முடிவும் நினைவில் இல்லை. உட்கார்ந்து திரும்பக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.

இந்தப் பட்டியல் வேலையை மாமா எங்களுக்கெல்லாம் முன்னாலேயே செய்தவர். அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் வெற்று கேசட்டைக் கொடுத்து, ஒரு தாளில் பாட்டு வரிசை எழுதித் தருவார்கள். அறுபது நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஆறு பாட்டு, மிஞ்சினால் ஏழு. பிடித்தது இருபது இருக்கும், இடம் பன்னிரண்டுக்குத்தான். கடைக்காரர் முன்னால் நின்றுகொண்டு எதை அடிப்பது என்று யோசித்த கதையை மாமா இப்போதும் சொல்வார். “எடம் கெடைக்காத பாட்டு புடிக்காத பாட்டுன்னு அர்த்தம் இல்லம்மா. ஆனா எதை அடிக்கிறப்ப கை நடுங்குதோ, அதைத்தான் நமக்கு நெசமாவே புடிக்கும்.” பத்தாவது இடத்துக்கும் பதினோராவது இடத்துக்கும் நடுவில் கோடு போடும்போது ஒவ்வொரு வருடமும் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

2017இலிருந்து மதிப்பெண் முறைக்கு மாறினோம். அமெரிக்காவில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ என்ற வாரப் பத்திரிகை பல ஆண்டுகள் இசை விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி வந்தது. ஒவ்வொருவருக்கும் நூறு மதிப்பெண், அதைப் பத்து ஆல்பங்களுக்குப் பங்கிட வேண்டும். ஒன்றுக்குக் குறைந்தது ஐந்து, அதிகபட்சம் முப்பது. தோழி இதை எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். முதல், இரண்டாம், மூன்றாம் இடம் என்று மட்டும் எழுதும்போது ஒரு விஷயம் மறைந்துவிடுகிறது. அந்த வருடம் என் முதலிடத்துக்கு நான் கொடுத்தது பதினான்கு, தம்பி அவன் முதலிடத்துக்குக் கொடுத்தது முப்பது. எனக்குப் பல நல்ல ஆல்பங்கள் இருந்த வருடம், அவனுக்கு ஒரே ஒரு ஆல்பம்தான் இருந்த வருடம். எண்ணைப் பார்த்ததும் அவன் ஏன் அப்படிக் குரல் உயர்த்துகிறான் என்று புரிந்தது.

அதே 2017 ஜனவரியில்தான் எங்கள் காதைச் சோதித்த பாட்டும் வந்தது. ‘எனை நோக்கி பாயும் தோட்டா’ படத்தின் ‘மறுவார்த்தை’. தாமரை எழுதியது, சித் ஸ்ரீராம் பாடியது. இசையமைப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மிஸ்டர் எக்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். ஊர் முழுக்க ஊகம் ஓடியது. மாமா யுவன்தான் என்று அடித்துச் சொன்னார், “ராஜா வீட்டு ரத்தம், கேட்டாலே தெரியுது.” தோழி ரகுமான் என்றாள். தம்பி சந்தோஷ் நாராயணன் என்றான். பின்னாளில் பெயர் வெளியே வந்தது: தர்புகா சிவா. ‘கிடாரி’க்கு இசையமைத்தவர்.

நாங்கள் பல மாதம் அந்தப் பாட்டை உச்சியில் வைத்துக் கொண்டாடினோம். ஆளாளுக்கு அவரவர் அபிமானத்துக்குரியவரின் பாட்டு என்று நினைத்துக் கொண்டாடினோம். பெயர் தெரிந்த பிறகும் பாட்டு அதே பாட்டுதான், ஆனால் மாமாவின் குரலில் இருந்த வேகம் கொஞ்சம் குறைந்ததை நான் கவனித்தேன். அவரும் அதை ஒத்துக்கொண்டார். அதிலிருந்து வருடா வருடம் பட்டியலுக்கு முன்னால் ஒரு சுற்று வைத்திருக்கிறோம். ஒருவர் பெயர் சொல்லாமல் பாட்டின் முன்னிசையை மட்டும் போட வேண்டும், குரல் வருவதற்கு முன் நிறுத்திவிட வேண்டும். கேட்டவர்கள் பிடித்ததா இல்லையா என்று சீட்டில் எழுத வேண்டும். குரல் வந்துவிட்டால் யார் பாட்டு என்று ஊகித்துவிடுகிறோம், ஊகித்ததும் கட்சி சேர்ந்துவிடுகிறோம். இந்தப் பழக்கத்தில் யாருக்காவது ஒன்றே ஒன்றைச் சிபாரிசு செய்யச் சொன்னால் இந்தச் சுற்றைத்தான் சொல்வேன்.

2018 மாதிரி சண்டை போட்ட வருடம் வேறு இல்லை. அக்டோபர் ஒரே மாதத்தில் ‘96’, ‘வடசென்னை’ இரண்டும். ‘பரியேறும் பெருமாள்’ செப்டம்பர் கடைசியில், ‘காலா’ ஜூனில். நான் கோவிந்த் வசந்தாவின் ‘96’க்கு இருபத்தைந்து கொடுத்தேன், ‘வடசென்னை’க்கு எட்டு. அந்த ஆல்பத்தில் இருக்கும் கானாக்களை நான் ஹெட்போனில் கேட்டுவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று தாண்டியிருந்தேன்.

தம்பிக்குக் கோபம் வந்தது. எழுந்து போய் ஸ்பீக்கரைத் தூக்கி மாடியின் மறு மூலையில், கைப்பிடிச் சுவர் ஓரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தான். “அக்கா, இது காதுக்குள்ள வெச்சுக் கேக்குறது இல்ல. தள்ளி நின்னு கேளுங்க.” அவர்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால் ராத்திரி முழுக்கக் கானா பாடுவார்கள். டோலக்கும் டேப் என்ற தோல் வாத்தியமும் புல்புல்தாரா என்ற தந்தி வாத்தியமும் பந்தலில் இருக்கும், இவன் சின்ன வயதில் ரெண்டு வீடு தள்ளித் திண்ணையில் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறான். வார்த்தை பாதி காற்றில் போய்விடும், அடி மட்டும் தரை வழியாக வந்து முதுகில் தட்டும். “அந்த தூரம் இருந்தாத்தான் அது கானா” என்றான். தொட்டிக்குப் பின்னாலிருந்து அந்த டோலக் வந்தபோது எனக்கு முதல் முறையாக அதன் நடை பிடிபட்டது. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் பாடுகிறவர் மூச்சு வாங்க விடும் இடம் தெரிந்தது. தோழி கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டு எண்ணிப் பார்த்தாள். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

என் மதிப்பெண்ணை நான் அன்று மாற்றவில்லை. எழுதியதை அன்றே மாற்றக் கூடாது என்பதும் எங்கள் விதி. மூன்று வருடம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்து, பழையதை அடிக்காமல், பக்கத்தில் பச்சை மையில் புது எண் எழுதலாம். 2021இல் ‘96’ பதினெட்டு, ‘வடசென்னை’ இருபத்திரண்டு என்று எழுதினேன். பெரிய பெரிய பட்டியல்களே நகர்ந்திருக்கின்றன. ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை 2003இல் போட்ட ஐந்நூறு ஆல்பப் பட்டியலில் முதலிடம் பீட்டில்ஸின் ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’. 2020இல் வேறு ஆட்களிடம் புதிதாகக் கேட்டபோது அது இருபத்து நாலாவது இடத்துக்குப் போனது, மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதலிடத்துக்கு வந்தது. கேட்கிறவர்கள் மாறினால் வரிசை மாறும். என் நோட்டில் கேட்கிறவள் நான் ஒருத்திதான், வரிசை அப்படியும் மாறியிருக்கிறது.

பச்சை மையில் அதிகம் ஏறியது ‘தெருக்குரல்’. ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 2019இல் வெளியிட்ட ஆல்பம், எந்தப் படத்துக்கும் சம்பந்தம் இல்லாதது. அந்த டிசம்பரில் நான் அதை ஒன்பதாவதாக வைத்தேன், அதுவும் தம்பி வற்புறுத்தியதால் இரண்டு முறை கேட்டதில். காட்சி இல்லை, நாயகன் இல்லை, திரையரங்கில் கேட்ட ஞாபகம் இல்லை. பாட்டு தன் காலில் தானே நிற்க வேண்டியிருந்தது. படப் பாட்டுக்கு மதிப்பெண் போடும்போது நான் படத்துக்கும் சேர்த்துத்தான் போட்டு வந்திருக்கிறேன் என்பது அதைத் திரும்பக் கேட்டபோதுதான் உறைத்தது. இப்போது அது அந்தப் பக்கத்தில் இரண்டாவது.

பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த பிறகு வருடக் கடைசியில் அது தரும் ‘ராப்டு’ கணக்கையும் பக்கத்திலேயே ஒட்டி வைக்கிறேன். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் முப்பது விநாடி ஓடினாலே அங்கே ஒரு கணக்கு. 2020இல் என் முதல் இடத்தில் இருந்தது மகளைத் தூங்க வைக்கப் போட்ட தாலாட்டு. அந்தக் கணக்கு டிசம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடும், அதனால் டிசம்பரில் கேட்டது அதில் சேராது. எத்தனை முறை ஓடியது என்று தெரிந்துகொள்ள அது போதும். எதற்காக எழுந்து நின்று பேசுவேன் என்று தெரிய நோட்டுதான் வேண்டும்.

குறைகளும் உண்டு. வருடத் தொடக்கத்தில் வந்த ஆல்பங்களை நான் தொடர்ந்து குறைத்து எடை போட்டிருக்கிறேன். அக்டோபருக்குப் பிறகு வந்தவை பசுமையாக நிற்பதால் மேலே ஏறிவிடுகின்றன. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரைப் பக்கக் குறிப்பு எழுதுகிறேன், ஓரளவு சரியாகியிருக்கிறது.

கர்நாடக இசை இந்த முறைக்குள் அடங்கவே இல்லை. மார்கழி முழுக்க தோழி சபா சபாவாக அலைகிறவள், ஒரு கச்சேரியை ஆல்பமாக எண்ண வேண்டும் என்று இரண்டு வருடம் கேட்டாள். ஒரே ராகத்தை நேற்றுக் கேட்டதும் இன்று கேட்டதும் வேறாக இருக்கும்போது திரும்பப் போட்டுக் கேட்பது எப்படி? அவளுக்கு மதிப்பெண் இல்லாத தனிப் பக்கம் விட்டிருக்கிறோம். அதில் அவள் எழுதுவது எங்கள் பட்டியல்களைவிட நன்றாக இருக்கும். 2016இல் அவளும் தம்பியும் ‘இது இசையே இல்லை’ என்ற ஒரு வார்த்தையில் முறைத்துக்கொண்டு ஒரு வருடம் பேசாமல் இருந்தார்கள். அதற்குப் பிறகு அந்த வார்த்தை மாடியில் தடை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் கீழ்வீட்டில் தண்ணீர் ஏறியபோது நோட்டு நனைந்தது. மை பேனாவில் எழுதிய 2016 பக்கம் நீலமாகக் கரைந்துவிட்டது, பந்து பேனாவில் எழுதியவை பிழைத்தன. மூவரும் ஞாபகத்திலிருந்து அந்தப் பக்கத்தைத் திரும்பச் சொல்லித் தந்தார்கள். என் பட்டியலை என்னைவிடத் தம்பி சரியாகச் சொன்னான், எதிர்த்து வாதாடியவன் அவன்தானே.

தனியாக எழுதிப் பூட்டி வைக்கப் போகிறவர்களுக்கு இதில் பெரிய பலன் இருக்குமா தெரியவில்லை. எதிரில் உட்கார்ந்து “ஏன்?” என்று கேட்கும் ஒருவராவது வேண்டும், அவருக்கு உங்கள் ரசனை இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இந்த டிசம்பரில் 2022 பக்கத்தைத் திறக்க வேண்டும். அந்த வருடம் செப்டம்பரில் ஒரே மாதத்தில் ரகுமானின் இரண்டு படங்கள் வந்தன. ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்துக்கு முப்பது கொடுத்தேன், ‘வெந்து தணிந்தது காடு’க்கு ஒன்பது. ஒரு வாரமாக ரயிலில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கிறேன். நேற்று ‘மல்லிப்பூ’ வரும்போது வண்டி திருமயிலையில் நின்றது. பூக்கூடையோடு ஓர் அம்மா ஏறி எதிரில் உட்கார்ந்து, மடியில் வைத்துத் தொடுக்க ஆரம்பித்தார். மதுஸ்ரீ பாடி முடித்தபோது அவர் கையில் ஒரு முழம் சேர்ந்திருந்தது. பச்சைப் பேனா பையில்தான் இருக்கிறது, ஞாயிறு வரை எடுக்க மாட்டேன்.