எங்கள் கவுண்டியின் வாக்குத் தணிக்கை: பார்வையாளனாகப் போய்ப் பார்த்தது

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற நாள் முதல் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்து வருகிறேன். 2020 தேர்தலுக்குப் பிறகு என் கட்சி நண்பர்கள் பலர் தபால் வாக்கின் மேல் நம்பிக்கை இழந்தார்கள். நானும் பாதி இழந்தேன். நான் வாழும் கொலராடோ மாநிலத்திலோ எல்லோருக்கும் வாக்குச்சீட்டு தபாலில்தான் வருகிறது. யார் யாரோ சொல்வதைக் கேட்டது போதும் என்று, தேர்தல் முடிந்தபின் எங்கள் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) அலுவலகம் நடத்திய தணிக்கைக்கு நேரிலேயே போனேன். இயந்திரம் எண்ணியது சரிதானா என்று சில வாக்குச்சீட்டுகளை மனிதர்கள் எடுத்துச் சோதிப்பதுதான் இந்தத் தணிக்கை.

எந்தச் சீட்டுகளைச் சோதிப்பது என்பது அலுவலகத்தின் விருப்பம் அல்ல. மாநிலத் தலைநகர் டென்வரில் பொதுமக்கள் முன்னிலையில் பத்து முகப் பகடைகளை உருட்டி 20 இலக்க எண் ஒன்றை உருவாக்குகிறார்கள். சோதிக்கவேண்டிய சீட்டுகளின் பட்டியல் அதிலிருந்துதான் வருகிறது. 2017 முதல் மாநிலம் முழுவதும் இதே முறை.

மேசையில் இருவர்: ஒருவர் எங்கள் கட்சிக்காரர், மற்றவர் ஜனநாயகக் கட்சி. பெட்டியின் முத்திரை எண்ணை ஒருவர் வாசிக்க, மற்றவர் பதிவேட்டில் விரல் வைத்துச் சரிபார்த்தார். பிறகுதான் முத்திரையை வெட்டினார்கள். கட்டிலிருந்து சீட்டுகளை எண்ணிக்கொண்டே போனபோது இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டன. உடனே முதலிலிருந்து எண்ணினார்கள். ஒரு சீட்டில் வாக்காளர் ஒரு பெயருக்கு எதிரே நிரப்பி, அதை அடித்துவிட்டு இன்னொன்றை நிரப்பியிருந்தார். அது யாருக்கான வாக்கு என்று இருவரும் ஒத்துக்கொண்ட பிறகே கணினியில் பதிந்தார்கள். இயந்திரம் அதை எப்படி எண்ணியிருந்தது என்பது அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரியாது. ஒப்பீடு அதற்குப் பிறகுதான் நடக்கிறது. என் சந்தேகத்தில் பெரும்பகுதி கரைந்தது அந்த இடத்தில்தான்.

குறைகளும் உண்டு. தணிக்கை அறிவிப்பு இணையதளத்தின் மூலையில் கிடந்தது. பார்வையாளர் நாற்காலிகள் தொலைவில் இருந்ததால், நான் எழுந்து நின்றுதான் சீட்டைப் பார்க்க முடிந்தது. கேள்வி கேட்டபோது அலுவலர் ஒருவர், "எங்கள் தேர்தல் முழுப் பாதுகாப்பானது" என்று மட்டும் சொன்னார். சந்தேகத்தோடு வருபவர் இந்தப் பதிலைக் கேட்டால் சந்தேகத்தோடேயே திரும்பிப் போவார். எங்கள் கட்சிக்காரர் இடைவேளையில் பதிவேட்டைக் காட்டி விளக்கிய பத்து நிமிடம் அதைவிட எவ்வளவோ மேல்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அடுத்த தேர்தலில் அந்த மேசையில் உட்காரக் கட்சியிடம் பெயர் கொடுத்திருக்கிறேன். நாற்காலிகளை நான்கடி முன்னே போடும்படி அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறேன்.