வீட்டு பிசியோதெரபி: ஆறு மாதத்தில் எது உழைக்கிறது, எது பரணுக்குப் போகிறது

பிசியோதெரபிஸ்ட் வாரத்துக்கு மூன்று நாள் வந்தாலும் முக்கால் மணி நேரம்தான் இருப்பார். பாட்டி எழுவதும் உட்காருவதும் பாத்ரூம் போவதும் பெரும்பாலும் அவர் இல்லாத நேரத்தில்தான். அதனால்தானோ என்னவோ, ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பயிற்சிக்கு வாங்கிய சாமானில் பாதி பரணில் இருக்கும். தினமும் உழைப்பது ஒரே ஒரு நாற்காலி.

கைப்பிடி வைத்த மர நாற்காலியாகப் பாருங்கள். இருக்கை தரையிலிருந்து 17 அங்குலம் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது. கால் வளையும், டைல்ஸில் வழுக்கும். மர நாற்காலியையும் சுவரோடு ஒட்டித்தான் போட வேண்டும். 17 அங்குலத்திலிருந்து எழ முடியாதவருக்கு இருக்கையை 20, 21 அங்குலத்துக்கு உயர்த்திக் கொடுங்கள். அதற்குத் தலையணை போட்டால் உட்கார்ந்ததும் அமுங்கிவிடும். ஜமக்காளத்தை மடித்துப் போட்டு, நகராமல் கயிற்றால் கட்டுவதுதான் சரி. தெம்பு கூடக் கூட ஒவ்வொரு மடிப்பாக எடுத்துவிடலாம்.

எழுவதற்கு முதலில் இருக்கையின் விளிம்புக்கு நகர வேண்டும். பாதங்கள் முட்டிக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வரும்வரை குனிந்து, அதற்கப்புறம்தான் எழ வேண்டும். இங்கேதான் பலருக்கும் தவறுகிறது. முன்னால் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் உடம்பைப் பின்னுக்கு வைத்துக்கொண்டே எழப் பார்ப்பார்கள். பாதியில் தொப்பென்று உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் உடனே அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார். பக்கவாதம் வந்த கையென்றால் தோள்மூட்டே நழுவலாம். உட்காரும்போது மனசுக்குள் மூன்று எண்ணி மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் மட்டும், அறுவை செய்த மருத்துவர் சொல்லும்வரை தாழ்ந்த இருக்கையைத் தொடவே கூடாது.

முன்னேற்றத்தை அளக்கவும் அதே நாற்காலி போதும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழ முடிகிறது என்று எண்ணுங்கள். 75 முதல் 79 வயதுக்குள் பெண்களுக்கு 10, ஆண்களுக்கு 11. அதற்குக் கீழே போனால் கால் வலு குறைவு, விழும் அபாயம் உண்டு. மாதம் ஒருமுறை காலண்டரில் குறித்து வையுங்கள். 'பரவாயில்லை, நடக்கிறாங்க' என்பதைவிட 'போன மாதம் 6, இந்த மாதம் 8' என்பதுதான் பிசியோவுக்குப் பயன்படும்.

கணுக்காலில் கட்டும் மணல் பை நல்ல பொருள். அரை கிலோவில் தொடங்கி மெதுவாகக் கூட்டலாம். வாங்கிய எடையிலேயே ஆறு மாதமும் ஓட்டினால் முன்னேற்றம் நின்றுவிடும். இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை நம்ம ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துபோகும். இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஊசித் துளை தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். அறுந்தால் நேராக முகத்தில் அடிக்கும்.

மூன்றாம் மாத வாக்கில் பிசியோ வருவது குறையும். பயிற்சி நின்றுபோகிற காலமும் அதுதான். அதைவிடப் பெரிய கெடுதல் வீட்டார் பாசம்: "நீங்க உட்காருங்கம்மா, நான் எடுத்துத் தரேன்." தண்ணீர்ச் சொம்பு அடுக்களையிலேயே இருக்கட்டும். எழுந்து போய்க் குடிப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

மறுநாள் தொடை வலித்தால் பயமில்லை. மூட்டு வீங்கினாலோ மூட்டு வலி மறுநாளும் இறங்காவிட்டாலோ எண்ணிக்கையைப் பாதியாக்கிவிட்டு பிசியோவிடம் சொல்லுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கினாலும், நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தாலும் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் காலையில் கட்டிலோரம் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழட்டும்.

செலவு தாங்காதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு.

கடைசியாக வாக்கர். வாங்கும் முன் பாத்ரூம் கதவின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். நுழையாத வாக்கரை வெளியே விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துப் போகும்போதுதான் விழுகிறார்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக இருக்க வேண்டும். வீட்டில் போடும் செருப்போடு அளவெடுங்கள். வாக்கர் கால்களின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷில் வரிகள் மழுங்கிவிட்டால் ஈரத் தரையில் வழுக்கும். சர்ஜிக்கல் கடையில் புஷ் தனியாகவே கிடைக்கும். போகும்போது பழைய புஷ்ஷைக் கையோடு எடுத்துப் போங்கள்; குழாய் அளவு கொஞ்சம் மாறினாலும் கழன்று விழும்.