ஒற்றைப் பல்லா, முழு வாயா?

சேலத்தில் நிலவியல் படிக்கும் தம்பிகளின் குழப்பம் இது: கோனோடோன்ட் (பெரும்பாலும் பல் போன்ற நுண்சுவடுகளாகவே கிடைக்கும், அழிந்துபோன கடல் விலங்கு) பேரினத்தை எதை வைத்துப் பிரிப்பது, ஒரே ஒரு பல்லையா, ஒரு விலங்கின் வாயிலிருந்த எல்லாப் பற்களையுமா?

(முதலில் ஒன்று. ஏற்காட்டுச் சார்னோக்கைட்டைத் தட்டித் தேடாதீர்கள். அது உயிர்ச்சுவடு தங்காத பாறை. அரியலூரும் உதவாது, அங்குள்ள பாறைகள் இவற்றுக்குப் பிந்தியவை. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன், டிரயாசிக் என்ற நிலவியல் காலத்தின் முடிவிலேயே கோனோடோன்ட்கள் அழிந்துவிட்டன. இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிக்குக் கிளம்புங்கள்.)

உழைப்பு
ஒற்றைப் பல்: நுண்ணோக்கியும் ஒரு மில்லிமீட்டர் பல்லும் போதும்.
முழு வாய்: ஒரே விலங்கின் 15 பல் உறுப்புகளைச் சேர்க்கவேண்டும். கிடைப்பதோ சிதறல்தான்.

பெயரின் ஆயுள்
ஒற்றைப் பல்: 1856இல் பாண்டர் என்ற ஆய்வாளர் தொடங்கிய வழி. ஒரே விலங்கின் பற்களுக்கே பல பேரினப் பெயர்கள் விழுந்தன, ஒரே ஆளுக்கு நாலு ரேஷன் கார்டு மாதிரி.
முழு வாய்: 1934இல் பற்கள் வரிசை குலையாமல் கிடைத்ததும் பழைய பெயர்கள் ஆட்டம் கண்டன. இன்று நிற்பது இதுதான்.

காலக் கணக்கு
இங்கே ஒற்றைப் பல்லே ராஜா. டிரயாசிக்கின் தொடக்கத்தைக் குறிக்கும் ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கோனோடோன்ட் இனத்தை அதன் பி1 உறுப்பை (வாயின் பின்பகுதிப் பல்) வைத்தே கண்டுகொள்கிறார்கள்.

பாறையின் வயது மட்டும் போதுமென்றால் ஒற்றைப் பல். பேரினத்தைப் பற்றி ஆய்வேடு எழுதப்போகிறீர்கள் என்றால் முழு வாய்தான், கண் வலித்தாலும் சரி.